இரண்டாவது பந்து

ஜனவரி 8, திங்கள்

காலைப் பயிற்சி முடிந்ததும் ஹெப்சிபா மேடம் அறைக்கு வரச் சொன்னார். மேசை முழுக்கக் கோப்புகள். அடுத்த மாதம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது. பத்து வருடத்துப் போட்டி முடிவுகளிலிருந்து எத்தனை வலை வாங்கினோம் என்பது வரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உடற்கல்வி இயக்குநர் என்று பெயர், பார்க்கிறது குமாஸ்தா வேலை என்று அலுத்துக்கொண்டுதான் விஷயத்துக்கு வந்தார்.

உடன்குடிப் பக்கம் பனைவிளை என்று ஓர் ஊர். அங்கே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், பெயர் இசக்கியம்மாள். வாலிபாலில் செட்டர். அடுத்த வருடம் நம் கல்லூரியில்தான் சேருவேன் என்று தன் பி.டி. சார் மூலம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுக்க முதல்வரும் சம்மதித்துவிட்டார். ஆனால் மேடத்துக்கு ஒரு சந்தேகம்.

"வேற எந்தக் காலேஜும் அவளைக் கேக்கல செண்பா. நல்லா ஆடுறான்னா ஏன் ஒருத்தரும் கேக்கல? ஆடலைன்னா நான் எதுக்கு ஒரு சீட்டைக் குடுக்கணும்?"

ஆய்வுக் குழு வேலையில் அவரால் நகர முடியாது. அதனால் நான் போய்ப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். வாலிபாலில் முதல் பந்தை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். மூன்றாவது பந்தை அடிக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். நடுவில் வருகிற இரண்டாவது பந்து செட்டருடையது. அதை யாருக்கு, எங்கே, எவ்வளவு உயரத்தில் போடுவது என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றிப் பார்வையாளர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று வருடமாக இந்த அணியின் செட்டர் நான், இந்த வருடம் கேப்டன், இரண்டு முறை பல்கலைக்கழக அணிக்கும் போயிருக்கிறேன்.

பி.காம். முடித்து எம்.காமும் இங்கேதான். ஆக இன்னும் இரண்டு வருடம் நான் இருப்பேன். அந்தப் பெண் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். அவளுக்கும் நல்லதுதான்.

வலது முட்டியில் லேசாகப் பிடிப்பு. மார்கழிப் பனி.

ஜனவரி 11, வியாழன்

விடுதிச் சமையற்கட்டில் ஐஸ் கட்டி கேட்டால் எதற்கு என்று கேட்கிறார்கள். ஜூஸ் போட என்று சொன்னேன்.

ஜனவரி 20, சனி

தூத்துக்குடியில் மண்டல அளவிலான பள்ளிப் போட்டி. ரிஸ்வானாவும் கூட வந்தாள். என் அறைத்தோழி, எங்கள் அணியில் நடுவில் நின்று அடிக்கிறவள். பேருந்தில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, காலை நீட்டிக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள்.

பனைவிளைப் பள்ளி ஆட்டத்தைப் பார்க்க மூன்று கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பார்த்தது ஷெர்லின் என்ற பெண்ணை. ஐந்தடி பதினோரு அங்குலம். அவள் அடிக்கிற அடியில் பந்து மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகிறது. ஒவ்வோர் அடிக்கும் மூன்று பேரும் நோட்டில் எழுதினார்கள்.

நான் ஐந்தடி எட்டு. இசக்கியம்மாள் ஐந்தடி மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். கறுப்பு, ஒல்லி, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ஓடுகிற விதம் அழகாக இல்லை, குனிந்து ஓடுகிறாள். வலைக்கருகில் நின்று எதிராளி அடியைத் தடுக்க வேண்டிய நேரத்தில் கை மேலே எட்டாமல், அவள் தலைக்கு மேலேயே அடித்து நாலு பாயிண்ட் எடுத்தார்கள். கல்லூரி அளவில் அது பதினாலாகும். ஒருத்தரும் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு முதல் செட்டிலேயே புரிந்துவிட்டது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ரிஸ்வானா சொன்னாள்: "அந்த நெட்டப் பிள்ள அடிச்சப்போ எதிர்ல ஒத்த ஆளுதான் குதிக்கா, பாத்தியா? முக்காவாசி நேரம் ரெண்டாவது ஆளு வேற பக்கம் போயிடுதா."

பார்த்தேன் என்றேன்.

முடிந்ததும் போய் இசக்கியம்மாளிடம் பேசினோம். இன்ன கல்லூரி என்று சொன்னதும் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி: "உங்க டீம்ல இடதுகைக்காரங்க எத்தனை பேருக்கா?" ஒருத்தி என்றேன். அவள் எந்தப் பக்கம் நின்று அடிப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தலையாட்டினாள். ஷெர்லினுக்கு மூன்று பேர் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜனவரி 22, திங்கள்

இரண்டு பக்க அறிக்கையை மேடத்திடம் கொடுத்தேன். உயரம் போதாது, தடுப்பாட்டத்தில் பலவீனம், அவசரப்படத் தேவையில்லை, வேறு யாராவது கிடைக்கிறார்களா என்று ஜூன் வரை பார்க்கலாம். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

மேடம் நின்றுகொண்டே படித்தார். "உயரத்த நான் போன்லயே கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேனே" என்றார். அவள் போட்ட பந்துகளில் எத்தனை முறை எதிரணி ஏமாந்தது என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கோப்புகளுக்குள் போய்விட்டார்.

பரவாயில்லை. எண்ணிவிட்டால் போகிறது.

ஜனவரி 24, புதன்

ரிஸ்வானா போனில் எடுத்த வீடியோவை ஓட்டி ஓட்டி எண்ணினேன். இசக்கியம்மாள் போட்டது எழுபத்து நாலு பந்து. அதில் நாற்பத்தொரு தடவை அடிக்கிறவளுக்கு எதிரே ஒற்றை ஆள்தான் குதித்திருக்கிறாள், ஆறு தடவை ஆளே இல்லை. கடைசி நொடி வரைக்கும் இசக்கியம்மாளின் தோளும் மணிக்கட்டும் ஒன்றும் காட்டிக்கொடுப்பதில்லை. முகம் ஒரு பக்கம், பந்து இன்னொரு பக்கம். ஷெர்லின் அடித்த அடி பாதி இவளுடைய அடி.

போன வருடம் நாங்கள் இறுதிப் போட்டியில் தோற்ற ஆட்டத்தின் வீடியோவும் போனில் இருந்தது. என்னுடையதையும் எண்ணினேன். அது கல்லூரி ஆட்டம், எதிரணி வேறு தரம், ஒப்பிடக் கூடாது.

மேடத்திடம் அவளுடைய எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நம் கோர்ட்டுக்கு ஒருநாள் வரவழைக்கலாம் என்றார்.

பிப்ரவரி 10, சனி

இசக்கியம்மாள் தன் அம்மாவோடு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். அம்மா பெயர் பொன்னுத்தாய், பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். எங்கள் கோர்ட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, கழிப்பறையைத் திறந்து பார்த்து, காவலாளியிடம் இரவில் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதலில் அவளும் நானும் எதிரெதிர்ப் பக்கம். ரிஸ்வானா அவள் பக்கம். மூன்று பந்து போட்ட பிறகு இசக்கி அவளுக்கு நாலாவதை ஒரு சாண் உயர்த்திப் போட்டாள். அதிலிருந்து ரிஸ்வானா அடித்ததெல்லாம் பாயிண்ட். பந்து தாழ்வாக வருகிறது என்று ரிஸ்வானா என்னிடம் மூன்று வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இடைவேளையில் கேட்டேன். "நீ கேப்டன்லா" என்று சிரித்தாள்.

அந்த செட்டை அவர்கள் எடுத்தார்கள். நெருக்கத்தில்தான்.

இரண்டாவது செட்டில் மேடம் எங்களை ஒரே பக்கம் போட்டார். இசக்கி செட்டர், நான் வலப்பக்கம் நின்று அடிக்க வேண்டும். அடிப்பது என் வேலையே இல்லை. ஆனால் இன்று பிரமாதமாக அடித்தேன். வந்த ஏழு பந்தில் ஆறு பாயிண்ட். ஒரு முயற்சியும் இல்லாமல் கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது பந்து. பெரிதாகக் குதிக்கக்கூடத் தேவைப்படவில்லை. மேடமே கைதட்டினார். எனக்குள் இப்படி ஓர் ஆட்டம் இருப்பது எனக்கே தெரியாது.

பிறகு குழாயடியில் முகம் கழுவும்போது இசக்கி பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நீங்க வலது கால்ல இறங்கவே மாட்டேங்கீங்க. எத்தனை நாளா?"

அது என் ஸ்டைல் என்றேன்.

"சரிக்கா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஏழு பந்தையும் அவள் ஏன் அப்படிப் போட்டாள் என்பது இதை எழுதும்போதுதான் புரிகிறது. அதைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

மேடம் கூப்பிடுவார் என்று மத்தியானம் வரை எதிர்பார்த்தேன். போகும்போது இசக்கியும் அவள் அம்மாவும் மேடத்தோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். கேப்டனுக்குக் காலில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் முதல் வருடமே அவள் இடம் உறுதி.

மேடம் கூப்பிட்டார். ஆய்வுக் குழுவுக்கு வரவேற்பு நடனம் ஆட எட்டு பேர் வேண்டும், அணியிலிருந்து யார் யார் வருவீர்கள் என்று கேட்கத்தான்.

அவள் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, புதன்

இரண்டாவது அறிக்கை. எண்ணிக்கையெல்லாம் போட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டேன். கடைசிப் பத்தியில், முதல் வருடம் மாற்று ஆட்டக்காரியாக இருந்து பழகிக்கொள்வது நல்லது என்று சேர்த்தேன். நியாயமான யோசனை. மேடம் கையெழுத்துப் போட்டு முதல்வருக்கு அனுப்பினார்.

நடனத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. படிக்க நிறைய இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

இசக்கிக்குப் பொதுத்தேர்வு நடக்கிறது. நன்றாக எழுது என்று செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மார்ச் 16, சனி

கன்னியாகுமரி அணியோடு நட்பு ஆட்டம். இரண்டாவது செட்டில் ஒரு பந்துக்குப் பின்னால் நகர்ந்து குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கியது. ஈரத் தரையில் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மேடம் அப்போது நடுவர்களோடு தூரத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

விடுதிக்கு வந்ததும் ரிஸ்வானா கதவைச் சாத்தினாள். "தரை காஞ்சு கெடந்துச்சு செண்பா." நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் அவளே மேடத்திடம் சொல்வாளாம். இப்படிக் கறாராகப் பேசுகிறவள் இல்லை. முட்டி இரண்டு மடங்கு வீங்கியிருக்கிறது. பயமெல்லாம் இல்லை. வீக்கம் ஆட்டக்காரிகளுக்கு வருவதுதான்.

மார்ச் 20, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. முட்டிக்குள் இருக்கிற தசைநார் முழுசாக அறுந்திருக்கிறது. ஏற்கெனவே பாதி அறுந்து, அதோடு மாதக்கணக்கில் ஆடியிருக்கிறாய் என்று டாக்டர் கணினித் திரையைக் காட்டினார். அறுவை சிகிச்சை செய்து, பிறகு ஒன்பது மாதமாவது பயிற்சி. திரும்ப ஆட முடியுமா என்றேன். நிறையப் பேர் ஆடுகிறார்கள், நீ எப்படி உழைக்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றார்.

உழைப்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

முடிவுத் தாள் செலவுக் கணக்கியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. கணுக்கால் சுளுக்கு, இரண்டு வாரம் ஓய்வு என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தேர்வுக்காகப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். ரிஸ்வானா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

சாயங்காலம் இசக்கி போன் செய்தாள். தேர்வு முடிந்த கையோடு மதுரையில் ஒரு கோடைகாலப் போட்டியில் ஆடியிருக்கிறாள். அவர்கள் பள்ளிதான் கோப்பை வாங்கியது. அங்கே பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய கல்லூரி அவளைக் கேட்டிருக்கிறது. அந்தக் கல்லூரியின் பெயரை அவள் சொன்னதும் நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தென்னிந்தியப் போட்டியில் மூன்று முறை ஜெயித்த அணி. உள்ளரங்க மைதானம், தனிப் பயிற்சியாளர், தங்குமிடம் எல்லாம் உண்டு.

"உங்ககிட்ட வாரேன்னு சொல்லிட்டேன். இப்ப இவங்க கேக்காங்க. என்ன செய்யட்டும்க்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

ஏப்ரல் 12, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். அவள் கொடுத்தது வாய்வார்த்தைதான், பதினேழு வயதுப் பிள்ளையை அதை வைத்துக் கட்டிப்போடக் கூடாது என்றார். அவள் வருவாளா, வர மாட்டாளா என்பது தெரிய வேண்டும், வேறு ஆளைத் தேட நேரம் வேண்டும், நீயே ஒருநடை போய்ப் பேசிவிட்டு வா என்றார். முடிந்தால் ஷெர்லினும் வருவாளா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

என்ன பேசுவது என்று மூன்று விஷயம் குறித்து வைத்திருக்கிறேன். வீடு பக்கம். படிப்பு நன்றாக இருக்கும். எங்கள் அணி ஒரு குடும்பம் மாதிரி. இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். பேருந்தில் கோயிலுக்குப் போகிற கூட்டம். திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து வேறு பேருந்து பிடித்து, இறங்கி அரைக் கிலோமீட்டர் நடை. வெயிலில் மெதுவாகத்தான் நடந்தேன்.

ஓடு போட்ட சின்ன வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்தார் பொன்னுத்தாயம்மா. இசக்கி சுவரோரம் கீழே உட்கார்ந்தாள். விசேஷ நாளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே பிள்ளை என்று அம்மா இரண்டு தடவை சொன்னார்.

நான் மூன்று விஷயத்தையும் சொல்லி முடித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். சென்னைக்காரர்கள் இங்கே வந்துவிட்டுப் போனதையும், பிற்காலத்தில் விளையாட்டு மூலம் வேலைக்கு வழியிருக்கும் என்று சொன்னதையும் விவரித்தார். அவருக்கு அங்கே அனுப்பத்தான் விருப்பம் என்பது தெரிந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"நீயே சொல்லு பிள்ள. இவ உன் கூடப்பொறந்தவளா இருந்தா நீ எங்க அனுப்புவ?"

சென்னை அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நல்ல அணி, நல்ல பயிற்சி, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு செட்டர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி ஐந்தடி ஒன்பது, இன்னொருத்தி பத்து. இரண்டு பேருமே இப்போதுதான் முதல் வருடம் முடிக்கிறார்கள். இசக்கி போனால் இரண்டு வருடம் பெஞ்சில்தான். செட்டர் ஆடி ஆடித்தான் செட்டர் ஆக முடியும்.

இசக்கி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்க அவங்க ரெண்டு பேரு இருக்காங்க. இங்க நீங்க இருக்கீங்கள்லாக்கா. இங்கயும் உக்காரத்தான செய்யணும்? உங்க மேடமே சொன்னாங்க, மொத வருசம் மாத்து ஆளுன்னு."

நான் எழுதிய கடைசிப் பத்தி. மேடம் அதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். இதற்குப் பதில் எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான்.

"உக்கார வேண்டாம். மொத நாள்லருந்து நீதான் ஆடுவ. நான் ஆட மாட்டேன். முட்டி போயிட்டு."

சொல்லிவிட்டேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஸ்கேன் முடிவு, அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். மேடத்துக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னேன். அம்மா எழுந்து வந்து, கேட்காமலே என் முட்டியில் கை வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் கண்ணில் தூசி மாதிரி ஏதோ விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஆனது.

இசக்கி சுவரோரமிருந்து எழுந்தாள்.

"ஆபரேஷன் எப்பக்கா?" என்றாள்.

மே கடைசியில் என்றேன். இரண்டு நாள் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சரி என்றேன். பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். வழி முழுக்க என் வேகத்துக்கு நடந்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

மேடத்திடம் ஸ்கேன் முடிவைக் கொடுத்துவிட்டு நின்றேன். படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். எவ்வளவு பெரிய முட்டாள்தனம், கால் நிரந்தரமாகப் போயிருந்தால் உன் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். பிறகு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். எத்தனை மாதமாக என்று கேட்டார். அக்டோபரிலிருந்து என்றேன். நான் எப்படிப் பார்க்காமல் போனேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

ஆடாத வருடத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதி கிடையாது. எம்.காமுக்கு மதிப்பெண்ணிலேயே இடம் கிடைத்துவிடும். இதே ஊரில் மகாராஜநகரில் இருக்கிற சித்தி வீட்டிலிருந்து வந்துபோக வேண்டியதுதான். சித்தி நன்றாகச் சமைப்பார்.

மூன்றாவது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான்.

"இசக்கியம்மாளின் உயரக் குறை உண்மையானது. ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாறும்போது, அவள் வலைக்கருகே நிற்கிற மூன்று சுழற்சியிலும் எதிரணி அவளைக் குறிவைக்கும். அதற்கு மாற்று ஏற்பாடு தேவை. ஆனால் கோர்ட்டில் இருக்கிற பன்னிரண்டு பேரையும் அவள் பார்க்கிறாள். என் காலில் கோளாறு இருப்பதை நாலு மாதமாகத் தினமும் என்னோடு ஆடுகிற ஏழு பேர் பார்க்கவில்லை. அவள் ஒரே காலையில் பார்த்தாள். அதற்கேற்ற பந்தை எனக்குப் போட்டாள். அதைச் சொல்லித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. முதல் வருடம் மாற்று ஆட்டக்காரி என்று நான் முன்பு எழுதியது தவறு. அவள் வந்தால் முதல் நாளே அவளிடம் அணியைக் கொடுக்க வேண்டும்."

ஏழு பேர் என்பது தவறு, ஆறு பேர். ரிஸ்வானாவுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அவள் என்னிடம் பேசினாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலை பத்தரைக்கு இசக்கி கூப்பிட்டாள்.

"வாரேன்க்கா. அம்மாவும் சரின்னுட்டாங்க."

நான் சொன்னதற்காக வர வேண்டாம், நன்றாக யோசித்துக்கொள் என்றேன். அதற்காக இல்லையாம். நேற்று சென்னைக்குப் போன் போட்டு, தனக்கு முதல் வருடம் ஆட்டம் கிடைக்குமா என்று நேராகக் கேட்டிருக்கிறாள். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், ஷெர்லினையும் உன்னோடு கூட்டிக்கொண்டு வருவாயா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"அவங்களுக்கு வேண்டியது அவதான். என்னையக் கூப்பிட்டா அவளும் வருவான்னு. நீங்க அவளப் பத்தி ஒரு தடவகூடக் கேக்கல, பாத்தீங்களா?"

உண்மையில் மேடம் கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் மறந்துபோனேன். அதை இசக்கியிடம் சொல்லவில்லை.

மே 6, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. இசக்கி அறுநூற்றுக்கு நானூற்று எழுபத்தொன்று. எங்கள் கல்லூரியில் வரலாறு சேர்கிறாள். ஷெர்லின் சென்னைக்கு.

மே 29, புதன்

நேற்று அறுவை சிகிச்சை. நன்றாக முடிந்தது. வலிக்கிறது.

ஜூன் 24, திங்கள்

புதிய அணியின் முதல் பயிற்சி. ஊன்றுகோலோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். ரிஸ்வானா பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் இடத்தில் முதலாமாண்டு மாணவி மகரஜோதி. நல்ல உயரம், கால் இன்னும் பழகவில்லை. மேடம் புள்ளிவிவர நோட்டை என் மடியில் போட்டுவிட்டு, இனி ஒவ்வொரு பந்தையும் எண்ண வேண்டியது உன் வேலை என்றார்.

மூத்த மாணவிகள் இரண்டு பேருக்கு இசக்கியைப் பிடிக்கவில்லை. குட்டைப் பெண்ணை நம்பி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. இரண்டு வாரம் அவளுடைய பந்தை அடித்துப் பார்க்கட்டும்.

ஜூலை 13, சனி

ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். அந்த இரண்டு பேரும் இன்று பயிற்சி முடிந்த பிறகும் இன்னும் பத்துப் பந்து போடு என்று இசக்கியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, அரையிறுதி. போன வருடம் இறுதிப் போட்டியில் எங்களைத் தோற்கடித்த அதே அணி. ஆளுக்கொரு செட் எடுத்து, மூன்றாவது செட்டில் நிற்கிறோம். கடைசி செட் பதினைந்து பாயிண்ட்.

நான் எழுதிய மாதிரியே நடந்தது. இசக்கி வலைக்கருகே வரும்போதெல்லாம் அவள் தலைக்கு மேலே அடித்தார்கள். பதினொன்றுக்கு ஏழு என்று முன்னாலிருந்த நாங்கள் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டோம். மகரஜோதி அதற்கு முன் தொடர்ந்து மூன்று பந்தை வெளியே அடித்து, முகம் செத்துப்போய் நின்றிருந்தாள். மேடம் அவளை மாற்றுவதற்காக எழுந்துவிட்டார். அதற்குள் எதிரணி சர்வீஸ் போட்டுவிட்டது.

முதல் பந்து மோசமாக வந்தது. வலையிலிருந்து விலகி, கோர்ட்டின் நடுப்பகுதிக்கு. அந்த மாதிரிப் பந்தை இடது ஓரத்துக்கு உயரமாகத் தூக்கி, அணியிலேயே பலமானவளுக்குப் போடுவதுதான் முறை. எதிரணியின் இரண்டு பேர் முன்கூட்டியே இடது ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். நானும் நோட்டில் இடது என்று எழுதிவிட்டேன்.

இசக்கி குனிந்து ஓடி வந்து, முகத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு, மகரஜோதிக்குப் போட்டாள். மூன்று பந்தைக் கெடுத்தவளுக்கு, பதின்மூன்றுக்குப் பதின்மூன்றில். எதிரே ஒருத்தரும் இல்லை. மகரஜோதிக்கே அது தன் பந்து என்று புரிய ஒரு கணம் ஆனது. பிறகு அடித்தாள்.

அடுத்த பாயிண்ட் சர்வீஸிலேயே கிடைத்தது. ஞாயிறு இறுதிப் போட்டி.

பேருந்தில் இசக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் அவளுக்குப் போட்டாய் என்று கேட்டேன். மேடம் எழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "அப்பமே வெளிய அனுப்பியிருந்தா அவ ஞாயித்துக்கிழம ஆடிருக்க மாட்டாக்கா" என்றாள். சொல்லிவிட்டு வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

நோட்டைத் திறந்து, இடது என்று எழுதியதை அடித்துவிட்டு, நடு என்று திருத்தினேன். ஒன்றை இங்கே ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இடது பக்கம்தான் போட்டிருப்பேன். நல்ல காலோடு இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவளுக்கு வலைக்கருகே உயரமான ஒரு மாற்று ஆள் வேண்டும், மூன்று சுழற்சிக்கு மட்டும். திரும்ப ஆட எனக்கு மார்ச்சில் அனுமதி கிடைத்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். பிப்ரவரியிலேயே வாங்கிவிடுவேன். நாளை காலை ஏழரைக்கு பிசியோதெரபி. இந்த வாரம் ஒற்றைக் காலில் குந்தி எழப் பழகுகிறேன். நேற்று ஆறு முறை செய்தேன். நாளைக்கு எட்டு.